நாற்பத்தொன்றாம் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் வீட்டிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா? எலெக்ட்ரீஷியன் ஓய்வு பெற்றால் ஆபத்து வீட்டுக்குத்தான்.

போனில் மழை வந்த செய்தியைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். டிப்போவில் புதிதாகச் சேரும் எட்டுப் பெண் ஓட்டுநர்களுக்கு உன்னைத் தலைமைப் பயிற்சியாளராகக் கேட்டிருக்கிறார்கள்! இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நீ முதல் நாள் பஸ்ஸை எடுத்தபோது, "இந்தம்மா ஓட்டினா நான் நடந்தே போய்க்கறேன்" என்று ஒருவர் இறங்கிப் போனாரே, அவர் முகவரி தெரிந்தால் இந்தச் செய்தியைப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். என் உடற்கூற்றுத் துறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் வீட்டுப் பேச்சு பேசுகிறவள் இல்லை என்பதால், எனக்குக் காய்ச்சலோ என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

இத்துடன் கைந்நூலின் முதல் அறுபது பக்கங்கள். செவிலியர் பள்ளிக்கு வரும் பெண்களுக்கு நம் மொழியில் ஓர் உடற்கூற்றுப் புத்தகம். நம் வழக்கம் உனக்குத் தெரியும். புரியாத வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, எல்லாப் பக்கத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். பள்ளிப் படிப்போடு நிறுத்திய உனக்குப் புரிந்தால்தான் அது அச்சுக்குப் போகும். போன முறை போல ஓரத்தில் "இது மனுஷங்களுக்கா?" என்று எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பெயர்க்காரணங்களைத் தனிக் கட்டத்தில் போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் தசையை 'மசில்' என்கிறோமே, அதன் மூலப்பொருள் சுண்டெலி. கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவது போலத் தெரிகிறதாம். வால் எலும்பின் பெயர் 'காக்சிக்ஸ்', மூலத்தில் குயில். அலகு போல வளைந்திருக்கிறதாம். மாணவிகள் பாடத்தை மறந்தாலும் இவற்றை மறப்பதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அத்தான் அழைப்பு மணியைச் சரி செய்தார். இப்போது மணியை அழுத்தினால் குளியலறை விளக்கு எரிகிறது. "யாரு வந்தா என்ன, வெளிச்சம் வந்துச்சுல்ல?" என்கிறார்.

பக்கங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதினாறு வட்டம் போட்டிருக்கிறேன். 'உட்புறப் பக்கவாட்டு மேற்புறம்' என்று எழுதியிருக்கிறாயே, அது இடமா, வழி கேட்டவனைச் சுற்றவிடும் தந்திரமா? எங்கள் ஊழியர்களில் ஒருவரிடம் இப்படி வழி சொன்னால் வண்டி அன்று டிப்போ திரும்பாது. சுண்டெலி எனக்குப் பிடித்திருந்தது. கண்டக்டருக்கு வாசித்துக் காட்டினேன். அவன் அன்று முழுக்கத் தன் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான், டிக்கெட் கொடுக்காமல்.

பயிற்சியாளர் வேலைக்கு நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஜூன் முப்பதுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கண் முன்போல் இல்லை. முட்டியும் பிடித்துக்கொள்கிறது. அத்தானையும் தனியே விட முடியவில்லை, மணியின் கதையைப் பார்த்தாயே. ஐம்பத்து மூன்று வயதுக்கு ஓட்டியது போதும். இதைப் பற்றி நீ நீளமாக எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கிறேன். இந்த முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை.

ஜனவரியில்தான் உன் கண்ணைச் சோதித்தார்கள். "டாக்டரை விட எனக்கு நல்லாத் தெரியுது" என்று நீயே எழுதினாய். முட்டி வலிக்கிறவள் மூன்று மாடி ஏறித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மாட்டாள். அத்தானோ முப்பது வருஷமாக இப்படித்தான் இருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். நீளமாக எழுத வேண்டாம் என்று சொன்னதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

வேறொன்று. வந்தவை ஐம்பத்தொன்பது பக்கங்கள்தான். நாற்பத்தொன்றைக் காணோம். நீ இதுவரை ஒரு பக்கத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. தபாலில் விழுந்திருக்கும். இத்துடன் மறுபிரதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் எனக்கு முக்கியம், ஏனென்று சொல்கிறேன்.

இடுப்பெலும்பின் அடியில், உட்காரும் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு போகிறது. மலம், சிறுநீர் இரண்டையும் அடக்கிவைப்பது அதுதான். பெண்ணுறுப்புக்கும் அதைச் சுற்றிய இடத்துக்கும் உணர்வைக் கொடுப்பதும் அதுதான். ஆங்கிலத்தில் புடெண்டல் நரம்பு. இருபத்து மூன்று வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். எலிக்கும் குயிலுக்கும் கதை சொல்கிற நான், இந்தப் பெயரை மட்டும் வேகமாக வாசித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். போன மாதம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மேடம், இதுக்கு மட்டும் ஏன் அர்த்தம் சொல்லல?" என்று கேட்டாள். "அது வெறும் பேருதாம்மா" என்றேன். பொய். அதன் மூலம் ஓர் இலத்தீன் சொல். 'வெட்கப்பட வேண்டியது' என்று பொருள். பெண்ணின் அந்த இடத்துக்கு அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். அனைத்துலக உடற்கூற்றுப் பெயர்ப்பட்டியலிலிருந்து அந்த இடத்தின் பெயரைச் சில வருஷங்களுக்கு முன்புதான் நீக்கினார்கள். நரம்பின் பெயர் அப்படியே நிற்கிறது.

இப்போது எங்கள் சொல்லாக்கக் குழு இதை 'நாண நரம்பு' என்று மொழிபெயர்க்கப் பார்க்கிறது. குழுவில் நாங்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர், மொழிப் பேராசிரியர், நான். அவர்கள் இருவருக்கும் பெயர் பிடித்துவிட்டது. சுருக்கமாக, அழகாக இருக்கிறதாம்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உன் வட்டங்களோடு அனுப்பு.

உன் தங்கை


ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். தாமதத்துக்கு வேலைதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. உன் சளி விட்டதா?

பக்கம் இத்துடன் இருக்கிறது. முதலில் அனுப்பியதும் என்னிடம்தான் இருந்தது, தபாலைக் குறை சொல்லாதே. வட்டம் எதுவும் போடவில்லை. எல்லாம் புரிந்தது.

ஒரே ஒரு தவறு. இந்த நரம்பு நசுங்கினால் உட்காரும்போது எரியும், நின்றால் குறையும் என்று எழுதியிருக்கிறாய். சரிதான். படுத்தாலும் குறையும், அதைச் சேர்த்துக்கொள். ஆனால் கழிப்பறைக் கோப்பையின் வளையத்தில் உட்கார்ந்தால் வலி இருக்காது. அதுவும் உட்காருவதுதானே? நடுவில் ஒன்றும் படாமல் இருப்பதால் அப்படி. இதை நீ எழுதவில்லை. டிப்போவில் ஒரு பெண் சொன்னாள்.

இங்கே வெயில் கடுமை. அத்தான் மணியை மறுபடி கழற்றிவிட்டார்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டது. அத்தானுக்கும் உனக்கும் என் அன்பு.

நீ சொன்ன திருத்தம் என் பாடப்புத்தகங்கள் எதிலும் இல்லை. மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். இந்த வலியை மட்டுமே பார்க்கிற மருத்துவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட அடையாளங்களில் அது இருக்கிறது. கழிப்பறை வளையத்தில் வலி குறையும் என்று, ஏறக்குறைய உன் வார்த்தைகளிலேயே. அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

டிப்போவில் சொன்னது யார் என்று கேட்கமாட்டேன். அந்தப் பெண்ணிடம் நீ சொல்லவேண்டியவை இவை. இது கற்பனை வலி அல்ல. அவள் செய்த தப்பினாலும் வந்ததல்ல. கடினமான பிரசவம் ஆனவர்களுக்கு வரும், வருஷக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கும் வரும். குணப்படுத்தும் வழிகள் உண்டு. அடித்தசைகளைத் தளர்த்தும் பயிற்சி இருக்கிறது, நரம்பை ஒட்டி ஊசி போடலாம், உட்காருகிற நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் முழுதாகப் போய்விடும் என்று பொய் சொல்லமாட்டேன். பலருக்குக் குறைகிறது. உங்கள் நகரத்தில் இதைப் பார்க்கிற மருத்துவரின் பெயரும் நேரமும் தனித்தாளில் இருக்கின்றன.

டாக்டரிடம் இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. இடத்தை மாற்றிச் சொன்னால் மருந்தும் வேறிடத்துக்குப் போகும்.

உன் தங்கை


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து, "வண்டியில இருக்காம்மா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதரை ஏன் கஷ்டப்படுத்துகிறாய்?

குழு கூடியது. அந்த அறையை நீ பார்க்க வேண்டும். நீள மேஜை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, தலையில் யாரோ மாட்டிவிட்டுப் போன தொப்பி. 'நாண நரம்பு' வேண்டாம் என்றேன்.

"பேரு பேரா இருந்துட்டுப் போகட்டுமேம்மா. மூலத்துல அதானே இருக்கு?" என்றார் அறுவை மருத்துவர்.

"மூலத்துல எலின்னு இருக்கு சார். தசையை நாம எலின்னா சொல்றோம்?"

மொழிப் பேராசிரியர் சிரித்துவிட்டார். மருத்துவர் விடவில்லை. "நாற்பது வருஷம் இந்த நரம்பை அறுத்திருக்கேன், தைச்சிருக்கேன். ஒரு நோயாளியும் பேரு நல்லா இல்லைன்னு சொல்லல."

"எத்தனை பேர் அங்க வலிக்குதுன்னு சொன்னாங்க சார்?"

அவர் எலும்புக்கூட்டின் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நல்ல மனிதர். மனதுக்குள் எண்ணிப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

அங்கே வீரமாகப் பேசிவிட்டு வந்தேனே தவிர, வரும் வழியெல்லாம் எனக்குக் குறுகுறுப்பு. இருபத்து மூன்று வருஷம் அந்தப் பெயரைத் தாண்டிப் போனவள் நான். என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கெங்கோ செவிலியராக இருக்கிறார்கள். யாராவது ஒருத்தி அவர்களிடம் வந்து "எரியுது" என்றால், "எங்கே" என்று கேட்கக் கூச்சப்படுவதற்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சந்தேகப்படுவதே என் தொழில் என்று பெருமை பேசுகிறவள் என் மௌனத்தைச் சந்தேகித்ததில்லை.

அந்த டிப்போப் பெண்ணைப் பற்றி ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை


ஜூன் 5

அன்புத் தங்கைக்கு,

நானும் அத்தானும் இருக்கிறோம். நீ கவலைப்படுவது தெரிகிறது. சாப்பிடாமல் இருக்காதே.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். அவளுக்கு நான்கு வருஷமாக இந்த எரிச்சல். முதலில் வண்டியை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து வந்தது. பிறகு அரை மணி. இப்போது மூன்றாவது நிறுத்தத்திலேயே, கொள்ளிக்கட்டை மேல் உட்கார்ந்தது போல. ஸ்கூட்டர் டியூபைக் காற்றடித்து, உறை தைத்து, அதன் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறாள். கேட்டவர்களிடம் முதுகுவலி என்றாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் டீ குடிக்க உட்காரும்போது, அவள் மட்டும் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடப்பாள். "அம்மாவுக்கு வண்டி மேல என்னா பாசம் பாரு" என்பார்கள்.

ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தலை நிமிராமல், "எங்க வலி?" என்றார். பக்கத்தில் இரண்டு பேர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்த இடத்துக்குச் சொல்ல வார்த்தை இல்லை. கெட்ட வார்த்தை தெரியும், ஸ்டாண்டில் தினமும் கேட்பதுதான். நல்ல வார்த்தை ஒன்று கிடைக்கவில்லை. "இடுப்புல" என்றாள். தைலம் கொடுத்தார்கள். அதை முதுகில் தடவிவிட்டது அவள் வீட்டுக்காரர். நான்கு வருஷமாகத் தடவுகிறார், பாவம், கை வலிக்க.

பயிற்சியாளர் வேலைக்கு முழு உடல் சோதனை உண்டு, நோய் இருந்தால் காரணத்தோடு எழுத வேண்டும். அந்தத் தாள் மேலாளர் மேஜைக்குப் போகும். டிப்போவில் ஒருவர் மேஜைக்குப் போனது எல்லோர் வாய்க்கும் போகும். எதிரே வருகிற லாரிக்கு நான் ஒருநாளும் ஒதுங்கினதில்லை. ஒரு தாளுக்குப் பயந்து ஒதுங்கப் பார்த்தேன்.

பார்த்தாயா, 'அவள்' என்று ஆரம்பித்து 'நான்' என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும். உனக்கு எப்போதோ தெரியும்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை ஏன் வைத்துக்கொண்டேன் என்று நீ கேட்கவில்லை. என் வலியை முதல் தடவையாக அச்சில் பார்த்தேன். அதுவும் நீ எழுதி. திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. உன் இரண்டாவது கடிதத்தில் அந்தப் பெயருக்கு அர்த்தம் படித்ததும் எனக்கு வந்தது கோபம். ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிற வேலையை நான் இந்த நரம்பை வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். என் பெண்ணைப் பெற்றதும் அதை வைத்துத்தான். இதில் எது வெட்கம்?

உன் குழுவிடம் சொல். வீட்டுக்கு அடியில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒன்று இருக்கிறது. அதைக் கொத்தனார் அடித்தளம் என்பார். அந்தப் பெயரை வைத்தால் போதும். பள்ளிப் படிப்போடு நிறுத்தியவளுக்கும் புரியும்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் துறையில் வைத்துப் பிரித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். எனக்குக் கண்ணீர் சுலபமாக வராது, உனக்குத் தெரியும். அன்று வந்தது.

குழு நேற்றுக் கூடியது. 'அடித்தள நரம்பு' என்று எழுதிக் காட்டினேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். "இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஓட்டுகிற ஒருவர்" என்றேன். மொழிப் பேராசிரியர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "நம்ம மூணு பேருக்கும் இது தோணலையே" என்றார். அறுவை மருத்துவர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கு ஒன்று. பெயர் அச்சுக்குப் போகிறது. கட்டத்துக்குள் பழைய பெயரின் கதையையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். யார், எதை, என்னவென்று அழைத்தார்கள் என்று மாணவிகளுக்குத் தெரியட்டும். கடைசி பெஞ்சுக்காரியிடம் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

மருத்துவரிடம் நான் உன்னுடன் வரட்டுமா? வியாழனன்று எனக்கு வகுப்பில்லை.

உன் தங்கை


ஜூன் 29

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். இந்த முறை அதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நீ வர வேண்டாம் என்று தந்தி போலப் பதில் போட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கூட நீ இருந்தால் நீதான் பேசுவாய். நான் பேச வேண்டியிருந்தது.

டாக்டரம்மாவுக்கு உன் வயது இருக்கும். "எங்கம்மா வலி?" என்றார். வெளியே வரிசையில் உட்காராமல் நின்றபடி நாற்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். இடத்தைச் சொன்னேன், உன் புத்தகத்தில் இருக்கிற வார்த்தையால். எப்போது எரியும், எப்போது எரியாது, எல்லாம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. எங்க படிச்சீங்க?" என்றார். "தங்கச்சி எழுதின புத்தகத்துல" என்றேன். சும்மா சொல்லவில்லை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஊசி ஒன்று போட்டிருக்கிறார்கள். வாரம் இரண்டு தடவை பயிற்சி. நேற்று ஏழாவது நிறுத்தம் வரை எரியவில்லை. போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஏழு, அவ்வளவுதான். அத்தான் தைலப் புட்டியைப் பார்த்து, "அப்ப இத்தனை நாளா நான் யாருக்குத் தடவினேன்?" என்று கேட்டார். அப்புறம் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து, நான் நின்றுகொண்டே குடிக்க, தானும் நின்றுகொண்டே குடித்தார்.

இன்று காலையில் மேலாளரிடம் போனேன். நம்மை விடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். பயிற்சியாளர் வேலைக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல உட்காராதபடி நேரம் பிரித்துத் தர வேண்டும் என்ற டாக்டர் சீட்டையும் கொடுத்தேன். அவர் சீட்டைப் படித்தார். காது சிவந்தது. பதிவுத்தாளை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'முதுகுவலி' என்று எழுதினார்.

"என்ன சார் எழுதறீங்க?"

"இந்தத் தாளை அஞ்சு பேர் பார்ப்பாங்கம்மா. உங்க மரியாதைக்காகத்தான்..."

"என் முதுகு நல்லா இருக்கு சார். சீட்டுல இருக்கறதை எழுதுங்க."

அந்தச் சொல்லை அடித்தார். புடெண்டலில் தடுமாறிப் பேனா நின்றது. தாளை என் பக்கம் திருப்பினேன். ஆங்கிலத்தில் ஒரு தடவை, அதன் கீழே நம் மொழியில் அடித்தள நரம்பு என்று ஒரு தடவை, என் கையாலேயே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், நீயே சொல்வாய். அந்த இரண்டு வரியும் மற்றவர்கள் எழுதியதை விடத் தெளிவாக இருந்தன.

எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். "அம்மா" என்று கூப்பிட்டார். டாக்டர் சீட்டு இன்னும் அவர் கையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "இவங்க எந்தக் கிழமைல பார்ப்பாங்க?" என்று கேட்டார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. செவ்வாயும் வியாழனும் என்றேன். போகிறவரிடம் இடத்தைச் சரியாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எட்டுப் பெண்களும் வருகிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த அறுபது பக்கத்தை அனுப்பு.

அக்கா